காணியில் நிலத்துக்கு அடியில் மலிவாக ஒரு பதுங்கிடம் கட்ட முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு வவுனியாவுக்கு வடக்கே, தார் வீதியை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இரண்டு ஏக்கர் காணி இருக்கிறதாம். மின்சாரம் இல்லை, அயல் இல்லை. வெயிலுக்கும் புயலுக்கும் இரவில் வரும் யானைக்கும் சேர்த்து நிலத்துக்கு அடியில் ஓர் அறை வேண்டும். கப்பலில் சரக்கு ஏற்றும் பழைய இரும்புக் கொள்கலன் ஒன்றை வாங்கிப் புதைத்துவிட்டால் செலவு குறையாதா என்று கேட்கிறார்.

முடியும், ஆனால் கொள்கலனைப் புதைக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் மேசன் வேலை செய்கிறவன். நிலத்துக்கு அடியில் நான் செய்த முதல் வேலை 1990இல், பன்னிரண்டு வயதில். நாங்கள் அதைப் பங்கர் என்போம்; பத்திரிகைகள் பதுங்குகுழி என்று எழுதும். அந்த ஆண்டு ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் வளவுக்கு ஒன்று முளைத்தது. எங்கள் வீடு சுன்னாகத்துக்குப் பக்கம். மேலே செம்பாட்டு மண். மண்வெட்டி சுகமாக இறங்கும். நான்காவது அடியில் சுண்ணாம்புக்கல். அலவாங்கைப் போட்டால் தோள் வரை அதிர்ந்ததே தவிர கல் அசையவில்லை. இரண்டு நாள் முயன்ற பிறகு அப்பா மேலே ஏறி நின்று, கீழே போக முடியாவிட்டால் மண்ணை மேலே கொண்டுவருவோம் என்றார். கிடங்கு நான்கு அடி, அதன் விளிம்பில் மூன்று அடிக்கு மண்மூட்டை, அதன் மேல் கூரை. கல் தடுத்ததால் செய்த அந்த வேலைதான் இன்றுவரை நான் எவருக்கும் சொல்கிற முறை. பாதி கீழே, பாதி மேலே.

கிடங்கு வெட்டுவது மலிவு. உடம்பில் பலம் உள்ள இரண்டு பேர், இரண்டு மண்வெட்டி, ஒரு பிக்கான், மண் சுமக்கக் கடகம் போதும். காசு கேட்பது கூரையும் தண்ணீரும்.

முதலில் கூரை. பத்துக்குப் பத்து அடி அறை, அதன் மேல் மூன்று அடி மண் என்று வையுங்கள். மழையில் நனைந்த அந்த மண் பதினைந்து தொன்னுக்குக் குறையாது. ஊரில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் எவரும் இல்லை, ஆனால் முற்றிய பனையைத் தவிர வேறு குற்றியைப் போட மாட்டார்கள். தென்னங்குற்றி மண்ணுக்குள் இரண்டு மாரி தாங்காது. வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே கறையான் சோறு. வைரம் பாய்ந்த பனைக்கு அந்தப் பயம் குறைவு. இன்னும் வசதி உள்ளவர்கள் தண்டவாளம் போட்டார்கள். 1990இல் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு வடக்குப் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று பங்கர்களுக்குள் போயின. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் விட்டபோது பாதையைப் புதிதாகப் போட வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்கள் பனை தறிக்கப் புறப்படுமுன் ஒரு வார்த்தை: பெண் பனை, பலா, ஈரப்பலா மூன்றையும் அனுமதி இல்லாமல் தறிப்பது இலங்கையில் குற்றம். உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும்தான்.

இப்போது கொள்கலன். துறைமுகத்தில் அதை ஏழெட்டு அடுக்காக நிறுத்துகிறார்களே, மண்ணைத் தாங்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். அடுக்கும்போது பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்களில் இறங்குகிறது. நடுக்கூரையும் பக்கங்களும் நெளிவு மடித்த மெல்லிய இரும்புத் தகடுதான். புதைத்தால் பாரம் சரியாக அந்தத் தகட்டின் மேல் விழும்; ஈரமண் பக்கங்களை உள்ளே தள்ளும்; துருவும் சேர்ந்துகொள்ளும். தாங்க வைக்க வேண்டுமானால் சுற்றிலும் கொங்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். சுவர் எழுப்பிவிட்டால் உள்ளே கொள்கலன் எதற்கு?

தகடே வேண்டும் என்றால் வளைந்த தகடு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய அரசு வீட்டுத் தோட்டங்களில் புதைக்கக் கொடுத்த ஆண்டர்சன் பதுங்கிடம் அப்படிப்பட்டது. ஆறு நெளிதகடுகளை உச்சியில் வளைத்துப் பூட்டி, நான்கு அடி ஆழத்தில் இறக்கி, மேலே 15 அங்குல மண் போடச் சொன்னார்கள். ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம், ஆறு அடி உயரம். ஆண்டு வருமானம் 250 பவுணுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஏழு பவுண். வளைவு இருந்ததால் மண்ணைத் தாங்கியது. ஆனாலும் குண்டைப் பற்றிய முறைப்பாட்டுக்கு முன்னால் வந்த முறைப்பாடு, உள்ளே தண்ணீர் நிற்கிறது என்பதுதான். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் அதே பாட்டைத்தான் பாடினோம்.

தண்ணீர் விஷயத்தில் நான் நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஓகஸ்டில் கிடங்கு வெட்டுகிறவனுக்குப் பூமி எலும்பு போல் தெரியும். நவம்பரில் அதே கிடங்கின் சுவர் வியர்க்கும், பிறகு ஊறும், பிறகு அடியிலிருந்து தண்ணீர் எழும்பும். எங்கள் பங்கரின் ஒரு மூலையில் அப்பா முழ ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி வெட்டி, தரையை அந்தப் பக்கம் சரித்திருந்தார். அதில் சேரும் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றுவது என் வேலை, தங்கை விளக்குப் பிடிப்பாள். வாளி ஒன்றுக்கு ஒன்று என்று எண்ணி, நூறு வந்ததும் ஓய்வோம்.

1995 ஒக்டோபர் 30க்குப் பிறகு, இராணுவம் யாழ்ப்பாண நகரை நெருங்கியபோது, எல்லோரையும் போல நாங்களும் எங்கள் ஊர் இருக்கும் வலிகாமத்தை விட்டு நடந்தோம். வன்னியில் மண் ஆழம், கல் தடுக்கவில்லை. ஆறு அடி, ஏழு அடி என்று ஆசைப்பட்டு வெட்டினோம். அந்த ஆசைக்கு 2008 நவம்பரில் நிஷா புயல் பதில் சொன்னது. நான்கு அடி வெட்டியவனின் பங்கரில் முழங்கால் அளவு தண்ணீர், ஏழு அடி வெட்டிய எங்களுடையதில் நெஞ்சளவு. அடுத்த ஆண்டு முள்ளிவாய்க்கால் கரையில் மணலை நான்கு அடி கிண்டினாலே தண்ணீர் வந்தது, சுவர் நிற்க மறுத்தது. சாக்கு முடிந்தபின் பெண்கள் கூறைச் சேலையையும் வெட்டித் தைத்து மண் நிரப்பினார்கள். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஈரானில் பிறந்த நாதர் கலீலி என்ற கட்டடக் கலைஞர் கலிபோர்னியாவில் மண் நிரப்பிய நீளப் பைகளை வட்டமாக அடுக்கி, வரிகளுக்கு இடையில் முள்கம்பி போட்டுக் குவிமாட வீடுகள் கட்டியதைப் பார்த்தேன். முள்கம்பி எதற்கு என்று பார்த்தவுடன் புரிந்தது: பை மேல் பை வழுக்கும். எங்கள் சுவர்கள் சரிந்த இடமெல்லாம் வழுக்கிய இடம்தான். அந்த ஒரு பாடத்தை எங்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

2017இல் மாங்குளத்துக்குக் கிழக்கே எங்கள் காணியில் நான் கட்டிய அறை உங்களுக்கு உதவலாம். உள்ளளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி. காணியில் சற்றே மேடான, ஒரு பக்கம் சரியும் இடமாகப் பார்த்துத் தரையை மூன்று அடி மட்டும் இறக்கினேன். வேலை செய்ய இடம் விட்டு வெட்டியதில் இரண்டு பேருக்கு நான்கு நாள். சுவருக்கு ஏறத்தாழ 400 உரப்பைகள். வெட்டிய மண்ணில் பத்துக்கு ஒன்று சீமெந்து கலந்து, மெதுவாக நனைத்து, பையில் போட்டு, கட்டையால் இடித்து இறுக்கினோம். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஓட்டம் முள்கம்பி. உரப்பையை வெயிலில் விட்டால் சில மாதத்தில் பொடிந்துவிடும்; அதனால் உள்ளே உடனே பூச்சு, வெளியே இரட்டைப் பொலித்தீன், அதன் மேல் மண் அணைப்பு. பொலித்தீனுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்குச் சல்லி. அடியில் துளையிட்ட குழாய், அது சரிவில் போய் வெளியே திறக்கிறது. காசு மிச்சம் பிடிக்க இந்தச் சல்லியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பம்பி இல்லாமல், வாளி இல்லாமல், தண்ணீர் தானாகப் போகிற வழி அதுதான். சமதரைக் காணியில் இந்த வழி கிடையாது. அங்கே நான் ஓர் அடிகூட இறங்க மாட்டேன்; முழுவதையும் மேலே கட்டி மண் அணைப்பேன்.

கூரைக்கு ஐந்து அங்குலக் கொங்கிரீட், ஒரு பக்கம் சரிவு, மேலே ஓர் அடி மண்ணும் புல்லும். கம்பிக் கணக்கைத் தெரிந்த ஒரு பொறியியலாளரிடம் காசு கொடுத்துப் போட்டேன். முப்பது ஆண்டு மேசன் வேலை செய்தவனும் அதைக் கண்மதிப்பில் போடக் கூடாது. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இந்தக் கூரைதான் விழுங்கியது.

பிழையும் விட்டேன். படிக்கட்டை வடகிழக்குப் பார்த்து வைத்துவிட்டேன். முதல் மாரியிலேயே வாடைக்காற்று மழையை நேரே படியால் இறக்கிவிட்டது. மழைக்குப் பின்னால் தேரைகள் வந்தன, தேரைக்குப் பின்னால் பாம்பு வந்தது. சிறுவயதில் பங்கருக்குள் குதிக்குமுன் தடியால் தட்டுவோம்; நாற்பது வயதில் என் சொந்த அறைக்குள் மறுபடி தடியோடு இறங்கினேன். இப்போது படிக்கு மேல் தகரக் கூரை, கீழே ஒரு முழ உயரத் தடுப்பு, கதவின் அடியில் இடைவெளி இல்லாமல் ரப்பர்.

காற்றுக்கு நாலங்குலக் குழாய் இரண்டு: ஒன்று தரைக்கு அருகில் வாய் திறக்கும், மற்றது எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி ஏறும். இரண்டுக்கும் வலை. உள்ளே அடுப்பு, கரி, ஜெனரேட்டர் எதுவும் கூடாது. பங்கருக்குள் குப்பி விளக்கு மங்கினால் வெளியே வா என்பார் அப்பா. அது ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். விளக்கு நன்றாக எரிகிறபோதே நஞ்சுப் புகை ஆளைக் கொல்லும். இரண்டாவது வாசலும் கட்டாயம். எங்கள் பங்கர் ‘ட’ மாதிரி வளைந்திருக்கும், இரு முனையிலும் ஏறலாம். ஒன்று இடிந்தால் மற்றது. புது அறையைப் பார்க்க வந்த அம்மா சுவரையும் கூரையையும் பார்க்கவில்லை. மற்ற வாசல் எங்கே தம்பி என்று கேட்டார். பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வைத்த யன்னலைத் திறந்து காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.

குளிர்ச்சியைப் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கீழே மண்ணின் வெப்பம் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். வன்னியில் அது 28 பாகைக்குப் பக்கம். தென் அவுஸ்திரேலியாவின் கூபர் பீடியில் ஓபல் தோண்டுகிறவர்கள் குன்றுக்குள் குடைந்த வீடுகளில் சுகமாக இருக்கிறார்கள் என்றால், அது ஆண்டு முழுவதும் 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத ஊர். நமக்கு வெயில் குறையும், ஈரம் கூடும். என் அறையில் ஏப்ரல் மத்தியானத்தில் நன்றாகத் தூங்கலாம். டிசம்பரில் புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும்.

யானைக்கு இது மருந்தே இல்லை. உள்ளே நெல்லோ உப்போ வைத்தால் மோப்பம் பிடித்து வரும்; மண் மூடிய கூரை அதற்கு ஒரு மேடு, அவ்வளவுதான். நாலு தொன் உடம்பு அதில் ஏறினால் என்ன ஆகும் என்று என் பொறியியலாளரிடம் கேட்டேன். ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சுற்றிவரப் பெருங்கல் அடுக்கியிருக்கிறேன்.

கடைசியாக, மண்வெட்டி போடுமுன் செய்ய வேண்டியவை. அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம சேவகரிடம் விசாரியுங்கள். விடுவித்த இடத்திலும் துருப்பிடித்த இரும்பு எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள். பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுங்கள். ஒதுக்குப்புறக் காணியில், அதுவும் இரவில், இயந்திரம் வைத்துக் கிடங்கு வெட்டினால் புதையல் தோண்டுகிறான் என்றுதான் ஊர் நினைக்கும். பொலிசும் அப்படித்தான் நினைக்கும். என்னிடம் வந்தார்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன், அரைமணி நேரம் கிடங்கை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெட்டிய மண்ணை லொறியில் ஏற்றி விற்கவும் நினைக்காதீர்கள். அதற்கு வேறு அனுமதி வேண்டும், தவிர அந்த மண் உங்களுக்கே தேவைப்படும்.

உங்கள் காணியில் அல்லது பக்கத்துக் காணியில் கிணறு இருந்தால், டிசம்பர் நடுவில் ஒரு நாள் கயிற்றில் கல் கட்டி இறக்கி, நிலமட்டத்திலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அளந்து இங்கே எழுதுங்கள். எத்தனை அடி இறங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.