பாலாறும் நகரக் கழிவுநீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆண்டின் பெரும்பகுதி பாலாற்றில் மணல்தான் தெரிகிறது. ஓடாத ஆற்றுக்காகச் சுத்திகரிப்பு நிலையத்தில் இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டுமா? (காட்பாடி வாசகர்)

பதில்: ஓடாத ஆறு என்பதால்தான் கூடுதல் கவனம் வேண்டும். வற்றாத ஆற்றில் கலக்கும் கழிவு பெருநீரில் நீர்த்துப்போகும்; பாலாற்றிலோ, வெள்ளம் வரும் சில நாட்கள் நீங்கலாக, நாம் விடும் நீர்தான் ஆறு. அது மணலுக்குள் இறங்கி அடிநீரோட்டத்தில் கலக்க, ஆற்றுப்படுகையில் உள்ள குடிநீர்க் கிணறுகள் அதையே இறைக்கின்றன. மணல் கிருமிகளையும் மிதக்கும் அழுக்கையும் ஓரளவு வடிகட்டுமே தவிர, நைட்ரேட்டையும் உப்பையும் தடுக்காது. மணல் அள்ளப்பட்ட இடங்களில் அந்த வடிகட்டலும் குறைந்துவிடுகிறது.

கேள்வி: நிலையம் ஒழுங்காக இயங்குகிறதா என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படி அறிவது? (சத்துவாச்சாரி வாசகி)

பதில்: முதலில் மூக்கை நம்புங்கள். காற்றூட்டத் தொட்டியில் மழைக்குப் பிந்தைய மண்வாசம் போன்ற மணம் இருந்தால், கழிவைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் நலமாக உள்ளன. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. அடுத்து, தொட்டி நீரை ஒரு லிட்டர் அளவு உருளையில் நிரப்பி முப்பது நிமிடம் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். பழுப்புக் கசடு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் பிரிய வேண்டும். கசடு பஞ்சுபோல் மிதந்துகொண்டே இருந்தால், இழை வகை நுண்ணுயிர்கள் பெருகி, அந்தக் கசடு நீரோடு சேர்ந்து ஆற்றுக்குப் போகும் நிலை நெருங்கிவிட்டது என்று பொருள். மின்கட்டணத்தையும் கேட்கலாம்; செலவில் ஏறக்குறைய பாதி காற்று ஊதும் ப்ளோயருக்கே போவதால், கட்டணம் திடீரெனக் குறைந்தால் அது சிக்கனம் அல்ல, சந்தேகத்துக்குரிய செய்தி.

ஆய்வறிக்கையைப் பார்க்கும்போது மாதிரி எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்பது அவசியம். ஊரே குளித்து, துவைத்து, சமைக்கும் காலையில் வரும் நீரும், நள்ளிரவில் வரும் நீரும் ஒன்றல்ல. எனவே நாள் முழுதும் அவ்வப்போது எடுத்து ஒன்றாகக் கலந்த இருபத்துநான்கு மணி நேரக் கலப்பு மாதிரியே உண்மை பேசும். நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை எனப்படும் பி.ஓ.டி.; அது குறைவாக இருந்தால் நீர் தூய்மை. வெளியேறும் நீரில் அதற்கான உச்சவரம்பு, பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு 2017-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி லிட்டருக்கு 30 மில்லிகிராம். 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆக இறுக்கியது. நீர்த்துப்போக வழியில்லாத பாலாற்றுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து.

கேள்வி: தோல் தொழிற்சாலைக் கழிவையும் நகர நிலையத்திலேயே சேர்த்துவிட்டால் என்ன? (ஆம்பூர் வாசகர்)

பதில்: கூடாது. பதப்படுத்துவதற்கு முன் தோல் கெடாமலிருக்கத் தூவும் உப்பு, ஊறவைக்கும் நீரில் கரைந்து வந்துவிடுகிறது. கரைந்த உப்பை நுண்ணுயிர்கள் தொடுவதில்லை; எத்தனை தொட்டி கட்டினாலும் அது அப்படியே வெளியேறும். தோலைப் பதப்படுத்தப் பயன்படும் குரோமியமோ கசடில் சேர்ந்து, எருவாகக் கூடியதையும் நச்சாக்கிவிடும். தனி நிலையமும், உப்பைச் சவ்வால் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையும் அதனால்தான் வேண்டியிருக்கின்றன. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கோட்பாட்டை வலியுறுத்தியது இந்த ஆற்றுக்காகவே. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இழப்பீடு குறித்து உத்தரவிட வேண்டியிருந்தது.

கேள்வி: செப்டிக் டேங்க் லாரிகள் பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் கொட்டலாமா?

பதில்: கூடாது. பல மாதங்கள் தேங்கிய கழிவு, வீட்டுச் சாக்கடையைவிடப் பன்மடங்கு செறிவானது; ஒரே மூச்சில் வந்தால் தொட்டி திணறும். நிலையத்தின் வாயிலிலேயே தனித் தொட்டியில் இறக்கி, சிறுகச் சிறுகக் கலக்க வேண்டும்.

கேள்வி: சுத்திகரித்த நீரை ஏரியில் விட்டால் விவசாயத்துக்கு உதவுமே? (வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் நேரடியாகப் பாய்ச்சலாம், பச்சையாக உண்ணும் கீரை, வெள்ளரிக்கு வேண்டாம். ஏரியில் விடுவதானால் முதலில் பாஸ்பரசைக் குறைக்கும் ஏற்பாடு வேண்டும். இல்லையேல் இரண்டு கோடைக்குள் ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிவிடும்.