இரண்டு டிரம்பெட் மட்டுமே உள்ள மாணவர் ஜாஸ் குழுவுக்கு

வணக்கம். இரண்டு டிரம்பெட், நான்கு சாக்ஸபோன், ஒரே ஒரு டிராம்போன் கொண்ட உங்கள் பள்ளிக் குழு, வேகமான ஸ்விங் (சுரங்களை நீட்டியும் குறுக்கியும் ஊசலாடும் ஜாஸ் தாளநடை) உருப்படியைப் பாதியிலேயே விட்டுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். குறை மாணவர்களிடம் இல்லை. நான்கு டிரம்பெட்டுகளுக்கு எழுதப்பட்ட மேல்ஸ்தாயிப் பகுதியை இருவர் மட்டும் ஓய்வின்றி ஊதினால், உதடு தளர்ந்து சுருதி இறங்கத்தான் செய்யும்.

ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் 'சி ஜாம் புளூஸ்' உங்களுக்குப் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். 12 பார் (தாள ஆவர்த்தனம்) கொண்ட அதன் மெட்டு முழுவதும் ஜி, சி என்னும் இரண்டே சுரங்களில் அமைந்தது. இக்கருவிகளுக்கான இசைத்தாள் வேறு சுருதியில் எழுதப்படுவதால், டிரம்பெட் தாளில் அவை ஏ, டி என்றும் ஆல்டோ சாக்ஸபோன் தாளில் ஈ, ஏ என்றும் வரும். விரல்களுக்கு வேலை குறைவாக இருப்பதால், ஸ்விங் தாளநடையில் குழந்தைகள் முழுக் கவனத்தையும் செலுத்த முடியும்; ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று தனி வாசிப்பும் கொடுக்கலாம்.

மெதுவான உருப்படி எளிது என்று எண்ணி, கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவுக்காக நீல் ஹெஃப்டி எழுதிய 'லில் டார்லின்' பக்கம் இப்போதே போய்விடாதீர்கள். அவ்வளவு மெதுவான நடையில் காலப்பிரமாணம் ஓடாமல் நிற்பது தேர்ந்தவர்களுக்கே கடினம்.

எந்த உருப்படியின் இசைத்தாளை வாங்குவதானாலும், உங்கள் இருவரின் உதடு தாங்குமா என்று அறிய, முதல் டிரம்பெட் தாளின் உச்ச சுரத்தை முதலில் பாருங்கள்.