அட்டையில் பெயர் இல்லாதவர்களை நாம்தான் தேட வேண்டும்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

(கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கில், 2021 ஜூலை 5 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே வகையான தளர்வுகள் நடைமுறைக்கு வந்தன. கடைதிறப்பு குறித்தும், குடும்ப அட்டை (ரேஷன் அட்டை) வழியாகத் தரப்பட்ட கொரோனா நிவாரணம் குறித்தும் வடசென்னை வாசகர்கள் அப்போது அனுப்பிய கேள்விகளுக்கு, அப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இந்த இதழில் அளித்த பதில்கள் இவை. இவற்றில் உள்ள விதிகளும் தொகைகளும் 2021 ஜூலை மாத நிலவரப்படியானவை; இன்றைய நிலையைக் குறிப்பவை அல்ல.)

கேள்வி: ஒவ்வொரு வாரமும் விதி மாறிக்கொண்டே இருந்ததால் எது திறக்கலாம், எது கூடாது என்பதே எங்களுக்குப் புரியவில்லை. இப்போதைய நிலை என்ன?
(துணிக்கடை ஊழியர், பழைய வண்ணாரப்பேட்டை)

மே 10 அன்று தொடங்கிய முழு ஊரடங்கு, மே 24 முதல் தளர்வே இல்லாத ஊரடங்காக இறுகி, ஜூன் 7-க்குப் பிறகுதான் சிறிது சிறிதாக அவிழ்ந்தது. அப்போது மாவட்டங்கள் தொற்றின் அளவைப் பொறுத்து மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சென்னை கூடுதல் தளர்வு பெற்ற மூன்றாம் வகையில் இருந்ததால் பேருந்தும் மெட்ரோவும் ஜூன் 21 அன்றும், துணிக்கடைகளும் வழிபாட்டுத் தலங்களும் ஜூன் 28 அன்றும் நமக்குத் திறந்தன. இப்போது அந்த மூன்று வகைப் பிரிவு நீங்கிவிட்டது. கடைகள் இரவு 8 மணி வரை இயங்கலாம். உணவகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் பாதி இருக்கைகளில் அமர்ந்து உண்ணலாம். திருமணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்ற வரம்பு தொடர்கிறது. பள்ளி, கல்லூரி, திரையரங்கு, மதுக்கூடம், நீச்சல் குளம் ஆகியவற்றுக்கு இன்னும் அனுமதி இல்லை.

துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. சாலையில் வேலை செய்யும் உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இப்போது அது 4,000-க்குக் கீழே வந்திருக்கிறது. அந்த இறக்கத்துக்கு உங்களைப் போன்றவர்கள் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்த ஏழு வாரங்களும் ஒரு காரணம். கடைக்குள் கூட்டம் நிரம்பும்போது கதவை அரை மணி நேரம் சாத்திவைக்கும்படி முதலாளியிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்கத் தயங்கினால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம்.

கேள்வி: இரண்டாம் தவணை 2,000 ரூபாயும் மளிகைத் தொகுப்பும் வாங்க டோக்கன் எடுத்துத் தருவதாகச் சொல்லி எங்கள் தெருவில் ஒருவர் 100 ரூபாய் கேட்கிறார். கொடுத்தால்தான் கிடைக்குமா?
(இல்லத்தரசி, தண்டையார்பேட்டை)

கொடுக்காதீர்கள் அம்மா. அரிசி அட்டை வைத்திருக்கும் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 4,000 ரூபாய் என்பது அரசாணை. அது மே மாதம் 2,000, ஜூன் 15 முதல் 2,000 என இரண்டு தவணைகளாக வழங்கப்பட்டு வருகிறது. இரண்டாவது தவணையோடு கோதுமை மாவு, ரவை, உளுத்தம் பருப்பு, சர்க்கரை, புளி, தேயிலை, சோப்பு உள்ளிட்ட 14 பொருள்கள் அடங்கிய தொகுப்பும் சேர்த்துத் தரப்படுகிறது. உங்கள் கையில் அட்டை இருந்து, உங்கள் பெயர் அந்தக் கடையின் பட்டியலில் இருந்தால், நடுவில் நிற்க எந்த மனிதருக்கும் வேலை இல்லை. கட்சிக்காரர் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், என் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் இதே பதில்தான். கடையில் தர மறுத்தால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். கடையின் எண், நாள், சொன்ன காரணம் ஆகிய மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி: திருமணமாகி மூன்று ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கென்று தனி அட்டை இல்லை. என் பெயர் இன்னும் மாமியார் வீட்டு அட்டையிலும் ஏறவில்லை, அம்மா வீட்டு அட்டையிலிருந்தும் நீங்கவில்லை. இரண்டு தவணைகளிலும் எங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை.
(வியாசர்பாடி வாசகி)

கடந்த இரண்டு மாதங்களில் என் அலுவலகத்துக்கு வந்த மனுக்களில் பெரும்பகுதி உங்களுடையதைப் போன்றவை. நிவாரணம் முழுவதும் குடும்ப அட்டை என்ற ஒற்றைத் தாளின் மேல் நிற்கிறது. சொந்த வீட்டில், ஒரே முகவரியில், பல ஆண்டுகளாக இருப்பவருக்கு அந்தத் தாள் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வடசென்னையில் பதினொரு மாதத்துக்கு ஒரு முறை வீடு மாறுபவர்கள் எத்தனை பேர்! வாடகை ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டு உரிமையாளர்கள் எத்தனை பேர்! இருப்பவர்களுக்கு இரண்டு முறை கிடைத்து, மிகவும் தேவைப்படுபவர்களுக்கு ஒரு முறையும் கிடைக்காமல் போவது இந்த முறையின் பெரிய குறை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்; துறை அதிகாரிகளிடமும் இதையேதான் சொல்லி வருகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் உங்கள் பெயரைத் தாய் வீட்டு அட்டையிலிருந்தும், உங்கள் கணவர் பெயரை அவருடைய பெற்றோர் அட்டையிலிருந்தும் நீக்கக் கோரி விண்ணப்பியுங்கள். நீக்கம் முடிந்த பிறகே புதிய அட்டைக்கான விண்ணப்பம் ஏற்கப்படும். பலருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது இந்த வரிசை தவறுவதால்தான். இரண்டையும் இ-சேவை மையத்திலோ உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்திலோ செய்யலாம். விண்ணப்பித்த 15 நாள்களுக்குள் புதிய அட்டை வழங்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. முகவரிச் சான்று தர வீட்டு உரிமையாளர் மறுத்தால் அதற்காக விண்ணப்பத்தைக் கைவிட வேண்டாம். உங்கள் பகுதியின் உணவுப் பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்து, கள விசாரணைக்கு வரச் சொல்லுங்கள். அந்த மனுவின் நகல் ஒன்றை எனக்கும் தாருங்கள்.

சர்க்கரை அட்டை வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். இந்த நிவாரணம் அரிசி அட்டைக்கு மட்டுமே உரியது. அட்டை இல்லாத திருநங்கையருக்கு 2,000 ரூபாய் வழங்கத் தனி அறிவிப்பு வந்தது. அட்டை இல்லாத பிறருக்கும் அப்படியொரு வழி வேண்டும் என்பது என் கோரிக்கை. மணலி, மாதவரம் பக்கம் கிடங்குகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபர் 1 முதல் இங்கே நடைமுறையில் இருப்பதால், தங்கள் ஊர் அட்டையைக் காட்டி நம் கடைகளிலேயே தானியம் பெறலாம். அவர்களுக்கு இது தெரியாது. உங்கள் பக்கத்து அறையில் யாராவது இருந்தால் அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கேள்வி: தடைக்காலமும் ஊரடங்கும் ஒன்றாக வந்து எங்களை உட்கார வைத்துவிட்டன. கடலுக்குப் போக ஆரம்பித்த பிறகும் கூட்டம் கூட்டமாக மக்கள் வருவதாகச் சொல்லி எங்களைத்தான் குற்றம் சாட்டுகிறார்கள்.
(விசைப்படகுத் தொழிலாளர், காசிமேடு)

உங்கள் வருத்தம் நியாயமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதன் பிற்பாதி முழுவதும் ஊரடங்கிலேயே கழிந்ததால், வழக்கமாக அந்த நாள்களில் வலை பின்னியும் படகைப் பழுது பார்த்தும் சில்லறை வேலைகளுக்குப் போயும் ஈட்டும் சிறு வருமானமும் நின்றது. தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்குத் தரப்படும் 5,000 ரூபாய், இரண்டு மாதத்துக்கு என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 82 ரூபாய். அதைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. தொகையை உயர்த்த வேண்டும் என்ற உங்கள் சங்கங்களின் கோரிக்கையோடு நான் நிற்கிறேன். தொகை இன்னும் வராதவர்கள் மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் பணம் திரும்பிவிடும்.

கூட்டத்தைப் பற்றி: ஜூன் 7 முதல் வந்த தளர்வில் மீன் சந்தைகளுக்கு மொத்த விற்பனைக்கு மட்டுமே அனுமதி இருந்தது. அப்படியிருந்தும் ஞாயிறு விடியலில் வாங்க வந்து குவிந்தவர்கள் மீனவர்கள் அல்லர், நகரத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வந்த வாடிக்கையாளர்கள். 2020 ஏப்ரல், மே மாதங்களில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று மிகுதியாக இருந்தது. அன்று இந்தப் பகுதி மக்களை ஒழுங்கற்றவர்கள் என்று பேசியவர்கள், எட்டடி அறையில் ஆறு பேரும், வரிசை வீடுகளுக்கு ஒரே கழிப்பறையும் இருப்பதைப் பேசவில்லை. ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள்: ஞாயிறன்று காசிமேட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் தெருவுக்குக் கூடையோடு வரும் மீன்காரப் பெண்ணிடம் வாங்குங்கள்.

கேள்வி: கல்மண்டபம் அருகே இட்லிக் கடை போட்டிருந்தேன். கையிருப்பு முழுவதும் கரைந்துவிட்டது. வட்டிக்காரரிடம் போகாமல் கடையை மறுபடி தொடங்க வழி உண்டா?
(ராயபுரம் வாசகி)

உண்டு. தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் வரை பிணை இல்லாத கடன் கிடைக்கும். ஓராண்டில், மாதத் தவணைகளாகத் திருப்ப வேண்டும். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உங்கள் கணக்கில் சேரும், அடுத்த முறை 20,000 ரூபாய் வரை கேட்கலாம். 2020 மார்ச் 24-க்கு முன்பிருந்தே வியாபாரம் செய்துவந்தவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாநகராட்சியின் வியாபாரி அடையாள அட்டை இல்லாவிட்டால் மண்டல அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறலாம். இது உதவித்தொகை அல்ல, கடன். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் நாள் வட்டிக்கு வாங்கி, காலையில் விற்ற காசை மாலையில் எண்ணிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கேள்வி: பெண்களுக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை என்கிறார்கள், நடத்துநர் டிக்கெட் வாங்கச் சொல்கிறார்.
(வீட்டுவேலைத் தொழிலாளி, பெரம்பூர்)

மே 8 முதல் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு, அதாவது வெள்ளைப் பலகைப் பேருந்துகளுக்கு மட்டும்தான். சொகுசுப் பேருந்திலும் விரைவுப் பேருந்திலும் கட்டணம் உண்டு. பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

கேள்வி: பள்ளி எப்போது திறக்கும்?
(பல வாசகர்கள்)

தேதி அறிவிக்கப்படவில்லை. அதுவரை கல்வித் தொலைக்காட்சிதான்.

கேள்வி: என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. தடுப்பூசி போடலாமா, கூடாதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
(திருவொற்றியூர் வாசகர்)

கர்ப்பிணிகளுக்கும் போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஜூலை 2 அன்று அனுமதி அளித்திருக்கிறது. அவரைக் கவனித்துவரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அழைத்துச் செல்லுங்கள். ஜூன் 21 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அரசு மையங்களில் தடுப்பூசி இலவசம். கோவிஷீல்டு என்றால் 12 முதல் 16 வாரங்களுக்குள்ளும், கோவாக்சின் என்றால் 4 வாரங்களுக்குப் பிறகும் இரண்டாம் ஊசி. முதல் ஊசியோடு நின்றுவிடக் கூடாது.

கேள்வி: சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் நிதி உண்டே, அதிலிருந்து ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் என்ன?
(கொருக்குப்பேட்டை வாசகர்)

தொகுதி மேம்பாட்டு நிதி பணிகளுக்கானது. தனிமனிதருக்கு ரொக்கமாகத் தர விதி இடமளிக்காது. அதைக் கொண்டு கட்டடமோ கருவியோ குடிநீர் வசதியோ செய்யலாம். நான் என் சொந்தப் பணத்தைக் கொடுத்தால் அது தானம். அரசின் வழியாக உங்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்க்கச் செய்வதே என் கடமை. உங்கள் தெருவில் உண்மையிலேயே அடுப்பு எரியாத வீடு இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், அந்த வீட்டுக்கு உரிய திட்டம் எது என்று பார்த்து மனு எழுதுவது என் அலுவலகத்தின் வேலை.

கேள்வி: மகன் மே மாதம் கொரோனாவில் இறந்துவிட்டான். மருமகள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டாள். பேரன், பேத்தி இருவரும் என்னிடம் இருக்கிறார்கள். எனக்கு வயது 67. மருத்துவமனை கொடுத்த தாளில் நுரையீரல் அழற்சி என்றுதான் எழுதியிருக்கிறது. இவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா ஐயா?
(கொடுங்கையூர் வாசகி)

கிடைக்க வேண்டும் அம்மா. மே 29 அன்று முதலமைச்சர் அறிவித்தபடி, கொரோனாவால் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் தலா 5 லட்சம் ரூபாய் வைப்பீடு செய்யப்பட்டு, 18 வயது நிறைவடையும்போது வட்டியோடு வழங்கப்படும். முன்பே தாயை இழந்து, இப்போது தந்தையையும் கொரோனாவுக்குப் பறிகொடுத்த குழந்தைகளும் இதே பிரிவில் சேர்வார்கள். ஆகவே உங்கள் பேரப்பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவரை மட்டும் இழந்தவர்களுக்கான 3 லட்சம் ரூபாய்ப் பிரிவில் யாராவது சேர்க்க முயன்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் உங்கள் பராமரிப்பில் இருப்பதால் ஒவ்வொரு குழந்தைக்கும் 18 வயது வரை மாதம் 3,000 ரூபாயும் உண்டு. பட்டப்படிப்பு வரை கல்விச் செலவையும் அரசே ஏற்கும்.

அந்தத் தாளைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். மகனுக்கு எடுத்த பரிசோதனையின் முடிவு, சி.டி. ஸ்கேன், மருத்துவமனையில் சேர்த்த நாளின் சீட்டு, மருந்துச் சீட்டு ஆகிய எதையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். கொரோனாவால் நேர்ந்த மரணங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் முறையை எளிதாக்க வேண்டும் என்றும், தவறாக எழுதப்பட்ட காரணத்தைத் திருத்த வழி செய்ய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டிருக்கிறது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் குறைந்தபட்ச நிவாரணத் தொகை வழங்க ஆறு வாரங்களுக்குள் வழிமுறை வகுக்குமாறும் அதே தீர்ப்பு கூறுகிறது. அது வரும் வரை காத்திருக்காமல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இந்த வாரமே மனு கொடுத்துவிடலாம். 1098 எண்ணில் அழைத்தாலும் பதிவு செய்துகொள்வார்கள். உங்கள் முகவரியை இந்த இதழின் அலுவலகத்திலிருந்து பெற்றுக்கொண்டேன். மனுவை எழுத என் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஊழியர் உங்கள் வீட்டுக்கே வருவார். தாள்களையும் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் மட்டும் எடுத்து வையுங்கள். நீங்களோ குழந்தைகளோ எங்கும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.