திட்டுவதானால் எண்ணெய்க்காகத் திட்டுங்கள்

கேள்வி: டைனமைட்டைக் கண்டுபிடித்து உலகத்தை நாசமாக்கிவிட்டு, அந்தப் பாவத்தைக் கழுவத்தானே ஆல்பிரட் நோபல் பரிசு ஏற்படுத்தினார்? அவரைக் கொண்டாடுவது வெட்கக்கேடு இல்லையா?

பதில்: கொண்டாட வேண்டாம், தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் டைனமைட்டுக்காகத் திட்டாதீர்கள். அவர் செய்ததிலேயே உருப்படியான காரியங்களில் ஒன்று அது.

டைனமைட்டுக்குள் வெடிக்கிற சரக்கு நைட்ரோகிளிசரின் என்கிற எண்ணெய். 1847-ல் அதை முதலில் தயாரித்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து வேதியியலர் அஸ்கானியோ சொப்ரேரோ. அதன் குணத்தைப் பார்த்து மிரண்டுபோய், கிட்டே போகாதீர்கள் என்று எச்சரித்தவரும் அவரே. நோபல் கேட்கவில்லை. பாறை உடைக்கக் கருமருந்தைவிடப் பல மடங்கு வீரியம். சுரங்கக்காரர்களும் ரயில்பாதை போடுகிறவர்களும் காசோடு காத்திருந்தார்கள். 1864 செப்டம்பர் 3 அன்று ஸ்டாக்ஹோமில் நோபல் குடும்பத்தின் பட்டறை வெடித்துச் சிதறியது. இறந்தவர்களில் ஒருவர் சொந்தத் தம்பி எமில். ஊருக்குள் தயாரிக்கக் கூடாது என்று தடை வந்தது. மனிதர் நிறுத்தினாரா? ஏரியில் ஒரு தட்டைப் படகைக் கட்டிப் போட்டு அதில் தயாரித்தார்.

அடுத்து வந்த இரண்டு வருஷம்தான் அவர் கணக்கில் எழுத வேண்டிய பாவம். அந்த எண்ணெய் தகர டப்பாக்களில் கப்பலேறியது. ஏற்றி இறக்குகிற கூலியாளுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. 1866 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் வெல்ஸ் பார்கோ என்ற பார்சல் கம்பெனியின் அலுவலகத்துக்கு ஒழுகுகிற பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. என்னவென்று பார்க்கத் தட்டித் திறக்கப் போனார்கள். 15 பேர் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் 1867-ல் வந்ததுதான் டைனமைட். கீசல்கர் என்ற நுண்ணிய மண் அந்த எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். பிசைந்து, குச்சியாக உருட்டிக் காகிதம் சுற்றிவிடலாம். சாதாரணக் குலுக்கலுக்கெல்லாம் வெடிக்காது, முதலில் தான் வெடித்து அதைக் கிளப்பிவிட டெட்டனேட்டர் என்ற சின்ன வெடி வேண்டும். அந்த டெட்டனேட்டரும் நோபலின் வேலைதான். என்னைக் கேட்டால் டைனமைட்டைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அதுவே. (எண்ணெய் தற்செயலாகச் சிந்தியதில் டைனமைட் பிறந்தது என்கிற கதையை நோபலே மறுத்திருக்கிறார்.)

பத்திரமானது என்று விற்றார்களே, அது பாதி உண்மை. நைட்ரோகிளிசரின் சுமார் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஐரோப்பியக் குளிரில் விறைத்த குச்சியை அடுப்புப் பக்கம் வைத்து இளக்கப் போய் உயிர்விட்ட தொழிலாளர்கள் உண்டு. பழைய குச்சியில் எண்ணெய் வியர்த்து வெளியே கசியும், அப்போது பழைய ஆபத்து முழுசாகத் திரும்பிவிடும். 1875-ல் அவரே ஜெலட்டின் வகையைக் கொண்டுவந்ததற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம். இன்று நம் பேப்பரில் 'ஜெலட்டின் குச்சிகள் பறிமுதல்' என்று வருகிற சரக்கில் பெரும்பாலும் நைட்ரோகிளிசரினே கிடையாது, அம்மோனியம் நைட்ரேட் கலவைதான்.

சரி, பரிகாரம்? 1895-ல் எழுதிய உயிலில் பாவம் என்றோ வருத்தம் என்றோ ஒரு வார்த்தை இல்லை. போருக்குச் சரக்கு விற்றார் என்பது உங்கள் கோபமானால், நீங்கள் தட்ட வேண்டிய கதவு வேறு. டைனமைட்டைப் பீரங்கிக்குள் திணித்துச் சுட்டால் பீரங்கிதான் பிளக்கும். துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் தோதாக 1887-ல் அவர் செய்தது பாலிஸ்டைட் என்ற புகையில்லா வெடிமருந்து. போதாக்குறைக்கு 1894-ல் பீரங்கி செய்யும் ஆலை ஒன்றையே விலைக்கு வாங்கினார். பெயர் போபர்ஸ். ஆமாம், நம்மூர் தேர்தலைக் கலக்கிய அதே போபர்ஸ்தான்.