சூரன் தோற்பது யாருக்குத் தெரியாது?

கேள்வி:

எனக்கு 58 வயது. கொக்குவிலில் இருக்கிறேன். என் ஒரே மகள் உயர்தரம் முடித்ததும் படிக்கவென்று ரொறன்ரோவுக்குப் போனாள். இப்போது 27 வயது. கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் நல்ல வேலை. சென்ற மாதம் என் மைத்துனி ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் என் மகள் முகத்தில் கறுப்பு மை பூசி, இறுக்கமான உடுப்போடு மல்யுத்த மேடையில் நிற்கிறாள். சனம் அவளைப் பார்த்து ஊளையிடுகிறது. அவள் ஒரு பெண்ணைத் தூக்கி அடிக்கிறாள், பிறகு அந்தப் பெண் இவளைத் தூக்கி அடிக்கிறாள். கேட்டால், "எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான் அம்மா, இரண்டு வருடமாகச் செய்கிறேன்" என்கிறாள். பேசி வைத்தது என்றால் தோளில் ஏன் கட்டுப் போட்டிருக்கிறாள்? பத்து வருடம் பரதம் படிப்பித்தது இதற்கா? கலியாணப் பேச்சு நடக்கிறது. தரகரிடம் சொல்வதா, மறைப்பதா? நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாள். இதை எப்படி நிறுத்துவது?

— ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு அந்த வீடியோவையும் அனுப்பியிருந்தீர்கள். நாலு நிமிடம்தான். நான் ஆறு தடவை பார்த்தேன். நீங்கள் ஒரு தடவைதான், அதுவும் கையால் கண்ணை மூடி விரலிடுக்கால் பார்த்திருப்பீர்கள். அதனால் நீங்கள் தவறவிட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது நிமிடத்தில் உங்கள் மகள் அந்தப் பெண்ணைத் தோளுயரத்துக்குத் தூக்குகிறாள் அல்லவா? கீழே போடும்போது கையைப் பாருங்கள். கடைசிக் கணம்வரை அது அந்தப் பெண்ணின் முதுகை விட்டு எடுபடவில்லை. தலை முதலில் போகாதபடி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் சனத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறாள். குளிப்பாட்டிய குழந்தையை ஏந்தும் கை அது. முகம்தான் அரக்கியுடையது.

பொய்யென்றால் ஏன் காயம் என்று கேட்டிருக்கிறீர்கள். கந்தசஷ்டிக்குக் கோயிலுக்குப் போகிறவர்தானே நீங்கள்? சூரன் போரில் யார் தோற்பார் என்று வீதியில் நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனைமுகம் போகும், சிங்கமுகம் போகும், மாமரம் வரும், கடைசியில் சேவலும் மயிலும். ஒரு வருடமாவது முடிவு மாறியதுண்டா? ஆனாலும் சூரனைத் தூக்குகிறவர்கள் அந்தப் பாரத்தோடு ஓடி, குலுக்கி, பின்வாங்கி, மறுபடி பாய்கிறார்கள். என் அண்ணா எங்கள் ஊர்க் கோயிலில் பதினைந்து வருடம் சூரன் தூக்கியவர். அடுத்த நாள் காலையில் அண்ணி அவருடைய தோளுக்குச் சித்தாலேப தேய்ப்பார். தோலுரிந்து சிவந்திருக்கும். "முடிவு தெரிந்த சண்டைக்கு ஏன் இந்தக் கூத்து?" என்று அவரை யாரும் கேட்டதில்லை.

உங்கள் மகளின் மேடையும் அப்படித்தான். யார் வெல்வது என்பதைப் பேசி முடித்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். ஆனால் அந்த மேடை மெத்தையல்ல. இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய பஞ்சு, மேலே இழுத்துக் கட்டிய கான்வஸ். வீடியோவில் உங்களைத் திடுக்கிட வைத்திருக்கும் அந்தப் 'படார்' சத்தம் அந்தப் பலகையினுடையது. கயிற்றில் ஓடிப்போய் மோதினால் விலா கன்றிப்போகும். பழகப் போகிற பிள்ளைகளுக்கு முதலில் படிப்பிப்பது அடிக்க அல்ல, விழ. நாடியை நெஞ்சோடு ஒட்டவைக்க வேண்டும், மூச்சை வெளியே விடவேண்டும், இரண்டு கையாலும் தரையை ஒரே நேரத்தில் அறையவேண்டும். இதை நூறு தடவை, ஆயிரம் தடவை செய்யவேண்டும். பிடரி தரையில் படாமலிருக்க வேறு வழியில்லை. பயிற்சிக்குக் காசு கட்டுவதும் இவர்கள்தான். முதற் போட்டி கிடைக்கும்வரை மேடைப் பலகையை லொறியிலிருந்து இறக்குவதும், டிக்கெட் கிழிப்பதும் இவர்களே.

சனம் ஊளையிட்டது உங்களுக்குச் சுட்டிருக்கிறது. அது அவளுக்குக் கிடைத்த கைதட்டல். கூத்தில் எமன் வேடம் கட்டுகிறவரைப் பார்த்து முன் வரிசைக் கிழவி மண் அள்ளித் தூற்றினால் அன்றைக்கு அவர் நன்றாக ஆடியிருக்கிறார் என்று அர்த்தம். மல்யுத்தத்தில் இன்னும் ஒரு விடயம் இருக்கிறது. கெட்டவராக ஆடுகிறவர்தான் வழக்கமாகச் சண்டையை நடத்திச் செல்வார். அடுத்தது என்ன என்று எதிராளியின் காதுக்குள் சொல்வதும், சனம் சோர்ந்தால் ஓட்டத்தை மாற்றுவதும் அவர் பொறுப்பு. இரண்டே வருடத்தில் அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் பிள்ளை கெட்டிக்காரி. பத்து வருடப் பரதம் வீண்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தாக்கவரும் எதிராளியை எதிர்கொள்ள அவள் முழங்காலை மடித்து நிற்கிறாளே, அது அரைமண்டியல்லாமல் வேறென்ன?

உடுப்பைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். இதில் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. ஹரியானாவைச் சேர்ந்த கவிதா தேவி, ஒரு பிள்ளையின் தாய், 2017இல் அமெரிக்காவின் பெரிய மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ. நடத்திய பெண்கள் போட்டியில் சல்வார் கமீசோடு இறங்கினார். முதற் சுற்றிலேயே தோற்றாலும் அந்த நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. மலேசியாவில் நூர் டயானா என்ற பெண் ஹிஜாப்போடு ஆடி, 2019இல் தன் 19ஆவது வயதில் ஆண்களையும் தோற்கடித்துப் பட்டம் வென்றார். என்ன உடுப்பது என்பதை உங்கள் மகள்தான் தெரிவுசெய்கிறாள். அதைப் பற்றி நீங்கள் அவளோடு பேசலாம். மைத்துனியோடு பேசவேண்டாம்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் வெட்கப்படும் விடயங்களில் எனக்குக் கவலை இல்லை. நீங்கள் கேட்காமல் விட்ட விடயங்களில்தான் இருக்கிறது.

முதலாவது தலை. கை முறிந்தால் பொருந்தும். தலையில் அடிபட்டு, அது ஆறுமுன் மறுபடி அடிபட்டால் உயிரே போகலாம். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் றோவன் ஸ்ரிங்கர் என்ற 17 வயது றக்பி வீராங்கனை 2013இல் அப்படித்தான் இறந்தார். அதன் பிறகு 2018இல் அவர் பெயரிலேயே அங்கே ஒரு சட்டம் வந்தது. தலையில் அடிபட்ட சந்தேகம் இருந்தால் அந்தக் கணமே ஆட்டத்தை விட்டு வெளியேற்றவேண்டும், வைத்தியர் சொல்லாமல் திரும்பி இறங்கக் கூடாது என்பது அதன் சாரம். உங்கள் மகள் இறங்குவது பாடசாலை மைதானமல்ல, சனிக்கிழமை இரவு ஏதோ ஒரு சங்க மண்டபம். அங்கே மேடையோரத்தில் வைத்தியர் நிற்கிறாரா? தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னால் சண்டையை நிறுத்துவார்களா, "இன்னும் ஐந்து நிமிடம் சமாளி" என்பார்களா? இதைக் கேளுங்கள். இரண்டாவது பதில் வந்தால் நானும் உங்கள் கட்சி.

அடுத்தது காசு. தொலைக்காட்சியில் வருகிற பெரிய நிறுவனத்துக்கு வெளியே, வார இறுதிகளில் சின்ன மண்டபங்களில் நடப்பதைச் சுயாதீன மல்யுத்தம் என்கிறார்கள். அதில் நிரந்தரச் சம்பளம் கிடையாது. ஆடினால் அன்றைக்கு ஒரு தொகை. தொடக்கத்தில் அது பெற்றோல் செலவுக்கே காணாது. மூன்று, நாலு பேர் ஒரு காரில் ஐந்து மணித்தியாலம் பனியில் ஓடி, பத்து நிமிடம் ஆடி, பிறகு வாசலில் மேசை போட்டுத் தன் பெயர் அச்சடித்த ரீ-சேர்ட்டும் படமும் விற்றுத்தான் கணக்கை ஈடுகட்டுவார்கள். காயம் பட்டால் மாகாணக் காப்புறுதி வைத்தியசாலைச் செலவைப் பார்க்கும். வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தை அது தராது. ஆகவே அந்தக் கணக்காய்வு வேலையை விடாமல் வைத்திருப்பதுதான் உங்கள் மகள் செய்த மிகப் புத்தியான காரியம். அயர்லாந்தின் பெக்கி லிஞ்ச் 2006இல் ஜேர்மனியில் ஆடும்போது தலையில் காயப்பட்டு, பல வருடம் மல்யுத்தத்தை விட்டு ஒதுங்கியிருந்தார். விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். 2013இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் சேர்ந்தார். 2019 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவில் பெண்கள் முதன்முறையாகக் கடைசிச் சண்டையை ஆடினார்கள். அதில் வென்றவர் அவர்தான். எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆனால் சோற்றுக்கு வேறு வழி இருந்தபடியால் அவரால் காத்திருக்க முடிந்தது.

எல்லை தாண்டி அமெரிக்காவில் ஆடக் கூப்பிடுவார்கள், அதையும் கேட்டு வையுங்கள். காசுக்கு ஆடுவதென்றால் அந்த நாட்டின் வேலை அனுமதி வேண்டும். "சும்மா சுற்றிப் பார்க்க" என்று எல்லையில் பொய் சொல்லி, பையைத் திறக்கும்போது மல்யுத்தச் சப்பாத்து வெளியே வந்தால் பல வருடத்துக்கு அந்த நாட்டுக்குள் மறுபடி விடாமல் போகலாம்.

எழுதக் கை கூசுகிற ஒன்றும் இருக்கிறது. 2020 யூனில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மல்யுத்தப் பெண்கள் பலர் பயிற்றுவித்தவர்களும் ஏற்பாட்டாளர்களும் தங்களிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை வெளிப்படையாகச் சொன்னார்கள். சில நிறுவனங்கள் அத்தோடு மூடப்பட்டன. அடுத்த வருடம் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் குழுவொன்று இதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. வாய்ப்பைக் கையில் வைத்திருப்பவன் இரவு நேரத்தில் காரும் வைத்திருந்தால் வருகிற ஆபத்து எல்லாத் தொழிலுக்கும் பொது. யாரோடு காரில் போகிறாய், எங்கே தங்குகிறாய், வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வெட்கத்தை நீங்கள் முதலில் காட்டிவிட்டால், நாளைக்கு உண்மையாகவே ஏதாவது நடக்கும்போது "அம்மா" என்று உங்களுக்குத் தொலைபேசி எடுக்கமாட்டாள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இது ஒன்றுதான்.

தரகர் விடயம். தரகரிடம் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பேச்சு ஓரளவு பொருந்தி வந்தால், மகளே அந்தப் பையனிடம் வீடியோவைக் காட்டட்டும். பார்த்துவிட்டு முகம் சுளித்தால் சீதனப் பேச்சுக்குப் போகுமுன்னரே ஒரு நல்ல தகவல் கிடைத்துவிட்டது. "உங்களுக்கு நோகவில்லையா?" என்று முதலில் கேட்டால் அடுத்த சந்திப்புக்குத் தேநீர் வையுங்கள். மைத்துனியின் வாயைப் பற்றி யோசிக்காதீர்கள். வீடியோ அனுப்பியவர் ஏற்கெனவே இருபது பேருக்கு அனுப்பியிருப்பார்.

இதை எப்படி நிறுத்துவது என்ற கேள்விக்கு நேராகச் சொல்கிறேன்: உங்களால் நிறுத்த முடியாது. 27 வயதுப் பிள்ளை, தன் சம்பளத்தில் வாழ்கிறவள். நான் சொல்லியும் நிற்கமாட்டாள், நீங்கள் அழுதாலும் நிற்கமாட்டாள். ஒளித்துச் செய்வாள், அவ்வளவுதான்.

வந்த அன்றே கேள்வி கேட்கவேண்டாம். தேருக்கு முந்திய நாட்களில் வீடு நிறையச் சனம் இருக்கும், அப்போதும் வேண்டாம். தீர்த்தம் முடிந்து சொந்தக்காரர் கலைந்த பிறகு, பின் விறாந்தையில் அவளை இருத்தித் தலைக்கு எண்ணெய் வையுங்கள். கை தோளுக்கு வரும்போது எந்த இடத்தில் சுருங்குகிறாள் என்று உங்களுக்கே தெரியும். "இது எந்தச் சண்டையில்?" என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவள் சொல்வாள்.

சித்தாலேப பெரிய போத்தலாக இரண்டு வாங்கி வையுங்கள். ஒன்று அவளுடைய சூட்கேசில் போகட்டும்.