முப்பது வயது ஹெலிகாப்டரில் ஏறலாமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஹெலிகாப்டரில் போக டிக்கெட் போட்டிருக்கிறோம். அது முப்பது வருடப் பழசு என்று தெரிந்ததும் மனைவி வரமாட்டேன் என்கிறார். சீட் உறை வேறு கிழிந்திருந்ததாம். நம்பி ஏறலாமா?

பதில்: ஹெலிகாப்டர் மெக்கானிக்காகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிழிந்த சீட்டைப் பார்த்து ஜனங்கள் மிரள்வதும், புது பெயின்ட்டைப் பார்த்து நிம்மதியாக ஏறுவதும் எனக்குப் பழகிப்போன காட்சி. (பெயின்ட்டுக்குக் காசு தரும் முதலாளி பேரிங்குக்கும் தாராளமாகத் தருவார் என்று சொல்வதற்கில்லை.) உறை கிழிந்ததற்காக நான் வண்டியை நிறுத்தியதில்லை. சீட் பெல்ட் நைந்திருந்தால் நிறுத்தியிருக்கிறேன்.

முப்பது என்பது வெளிக்கூட்டின் வயது. உள்ளே சுழலும் முக்கியப் பாகங்கள் பலவற்றுக்கு ஆயுள் மணிக்கணக்கில். கெடு முடிந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றியே ஆகவேண்டும். ராபின்சன் ஆர்44 என்ற சின்ன ஹெலிகாப்டர் என்றால் பொதுவாக 2,200 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அப்போது ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது. இடையிலும் சும்மா விடுவதில்லை. கியர்பாக்ஸில் சிப் டிடெக்டர் என்று, உதிரும் உலோகத் துகளைப் பிடிக்கும் சின்னக் காந்த பிளக் ஒன்று இருக்கும். கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தால் சாம்பல் நிற மசி ஒட்டும். அது சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக மினுங்கினால், காரணம் தெரியும்வரை வண்டி தரையில்தான்.

புதுசு என்றால் மட்டும் கவலை தீர்ந்ததா? 2016-ல் நார்வேயில் ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டர் விழுந்து அதிலிருந்த 13 பேரும் இறந்தார்கள். 2009-ல் தயாரான வண்டி அது. கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தில் உலோகச் சோர்வால் விரிசல் விட்டு, பறக்கும்போதே மேல் ரோட்டர் கழன்று போய்விட்டது. விரிசல் உள்ளுக்குள்ளேயே வளர்ந்ததால் துகள் அதிகம் உதிரவில்லை, டிடெக்டரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்காக வயது பொருட்டே இல்லை என்று சொல்லமாட்டேன். கடற்காற்று பட்ட கூட்டில் ரிவெட்டைச் சுற்றி அரிப்பு பிடிக்கும், வயர் உறை வெடிக்கும். ஆனால் என் பெரிய கவலை டிசைனின் வயது. கீழே மோதினாலும் டேங்க் கிழிந்து தீப்பிடிக்காதபடி எரிபொருள் அமைப்பு வேண்டும் என்று அமெரிக்காவில் 1994-லேயே விதி வந்தது. புது மாடல்களுக்கு மட்டும்! பழைய மாடலைப் பழைய டேங்கோடு புதிதாகச் செய்து விற்கத் தடையில்லை. 2020 ஏப்ரல் முதல் தயாராகும் எல்லாவற்றுக்கும் கட்டாயம் என்று 2018-ல் சட்டம் போட்ட பிறகுதான் அந்தச் சந்து அடைபட்டது. ஆக, 2015-ல் வாங்கிய பளபள வண்டிக்குள்ளும் அரதப்பழசான டேங்க் இருக்கலாம்.

எனவே கவுன்டரில் வேறு கேள்விகள் கேளுங்கள். டேங்க் மோதல் தாங்கும் வகையா? எல்லா சீட்டிலும் தோள் பெல்ட் உண்டா? ஓவர்ஹாலுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி? மெக்கானிக்கைக் கூப்பிட்டு பராமரிப்பு விவரம் எழுதும் லாக்புக்கைப் புரட்டிக் காட்டினார்கள் என்றால் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஏறுங்கள். மழுப்பினால் டிக்கெட் பணத்தைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.