டீச்சருங்க ஆராய்ச்சிப் பயணம் போக முடியுமா?

கேள்வி: ஐயா, நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில சயன்ஸ் டீச்சர். விஞ்ஞானிங்க கூட போய் ஆராய்ச்சி பண்ண டீச்சருங்களுக்கு பெலோஷிப் இருக்காமே, நமக்கும் கிடைக்குமா?
- ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: இருக்கு டீச்சர், ஆனா யாருக்குன்னு மொதல்ல பாத்துக்குங்க. அமெரிக்க அரசோட கடல், வானிலை ஆய்வு நிறுவனம் நோவா 1990ல டீச்சருங்கள ஆராய்ச்சிக் கப்பல்ல ஏத்த ஆரம்பிச்சது, மீன் கணக்கெடுப்பு, கடல் தரைய அளக்கறதுன்னு விஞ்ஞானிங்க கூடவே ஷிப்ட்ல வேலை, ஆனா அது அந்த ஊர் டீச்சருங்களுக்குத்தான். 1971ல ஆரம்பிச்ச எர்த்வாட்ச்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு விஞ்ஞானிங்களோட ஆராய்ச்சியில சாதாரண ஆளுங்களையும் சேத்துக்குது, டீச்சர் பெலோஷிப்பும் குடுத்திருக்கு, மலேசியாவுக்கு உண்டான்னு ஒரு மெயில் போட்டு கேட்டுடுங்க.

என்னக் கேட்டா நம்ம நாட்டுலயே அருமையான எடம் இருக்கு. நெகிரி செம்பிலான் பாசோ காட்டுல 50 ஹெக்டர்ல 1 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, சில வருஷத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப அளக்கறாங்க, எவ்ளோ பொறுமை வேணும் பாருங்க! அந்த வேலைய நடத்தற கெப்போங் ஃபிரிம்முக்கு (மலேசிய வன ஆராய்ச்சி நிலையம்), கூட சேந்துக்க முடியுமான்னு கேட்டு தலைமையாசிரியர் கையெழுத்தோட லெட்டர் எழுதுங்க. அதுவரைக்கும் பிள்ளைங்களோட ஸ்கூல் மரங்கள அளங்க, தரையிலேருந்து 1.3 மீட்டர் உயரத்துல சுத்தளவு எடுத்து 3.14ஆல வகுத்தா விட்டம் வந்துடும். அதையெல்லாம் எழுதி வெச்ச நோட்டு நாளைக்கு எந்த அப்ளிகேஷனுக்கும் பலம்.